வசவு, பெண், பாலியல் தொழில்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் எய்ட்ஸ் தடுப்பு வேலையில் களப்பணியாளராகப் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களோடுதான் என் பெரும்பாலான நாட்கள் கழிந்தன. இப்போது கல்லூரிகளிலும் மகளிர் குழுக்களிலும் இதைப் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். பேச்சு முடிந்ததும் மாணவர்கள், அம்மாக்கள், ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார், ஒன்றிரண்டு போலீஸ்காரர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளைத் திரட்டி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பேசவேண்டிய சொல்லை மறைத்தால் பேச முடியாது. அதனால் சில வசவுகளை அப்படியே எழுதியிருக்கிறேன்; படிக்கக் கூசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது? சோத்துக்கு வழி பண்ணாமல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஓர் அரசு மருத்துவமனை. ஓ.பி. சீட்டு வரிசை. எனக்கு முன்னால் ஓர் அக்கா, வெள்ளைப்படுதலுக்கு மருந்து வாங்க வந்தவர். சீட்டைப் பார்த்த ஊழியர் தலையைத் தூக்காமலே, பின்னால் இருந்தவரிடம், “அந்தக் கேஸ் ஒன்னு வந்திருக்கு, அங்கிட்டு அனுப்பு” என்றார். அவர் திட்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. ஆனால் வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சீட்டை நான்காக மடித்தார், அப்புறம் எட்டாக மடித்தார், சின்னப் பர்ஸுக்குள் திணித்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடி எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து அடிவயிற்று வலி தாங்காமல் நடுராத்திரியில் அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

அதே அக்கா மூன்று வருடத்தில் ஐந்து வீடு மாறினார். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் வீட்டுக்காரரிடம் போய் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்கள். மறுநாளே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீடு மாறினால் முகவரி மாறும், ரேஷன் கார்டு போகும், பிள்ளை பள்ளிக்கூடம் மாறும். சோத்துக்கு வழி பண்ணுங்கள் என்கிறீர்களே, அந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்பதே இந்தச் சொல்தான்.

வசவு எல்லாம் ஏன் பெண்ணைச் சுற்றியே இருக்கிறது? ஆணுக்கு இல்லையா?

ஒருநாள் காளவாசல் சிக்னலில் இரண்டு பைக் உரசிக்கொண்டன. ஓட்டியவர்கள் இரண்டு பேரும் இளவட்டம். கண்ணாடி உடைந்ததற்கு ஒருவன் மற்றவனின் அம்மாவை வைதான். பதிலுக்கு அவன் இவனுடைய அம்மாவை வைதான். அந்த இரண்டு அம்மாக்களும் அந்நேரத்துக்கு எங்கோ அடுப்படியில் உலை வைத்திருப்பார்கள். சண்டைக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஆணை அவமானப்படுத்த வேண்டுமென்றால் அவனைப் பெற்றவளின் உடம்பைத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது.

ஆணுக்கு என்ன சொல் இருக்கிறது என்று கல்லூரிகளில் நான் கேட்பதுண்டு. பிள்ளைகள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ‘மைனர்’ என்பார்கள். நம் பக்கம் மைனர் என்றால் பட்டு ஜிப்பா, கழுத்தில் மைனர் செயின், பார்த்ததும் ஊர் கொஞ்சம் ரசிக்கிற ஆள். காமுகன், பொறுக்கி என்றும் சொல்வார்கள். காமுகன் புத்தகத்தில் இருக்கிறதே தவிர வாயில் வருவதில்லை. பொறுக்கி எல்லாத் தப்புக்கும் பொது. பெண்ணுக்கான சொற்களைக் கேட்டால் கரும்பலகை போதாது: தேவடியாள், வேசி, அவுசாரி, தட்டுவாணி, கூத்தியாள், வப்பாட்டி, ஓடுகாலி, ஐட்டம், கேஸ். ‘சின்ன வீடு’ என்கிறார்கள், அதில் அந்தப் பெண் ஆளாகக்கூட இல்லை, வீடாகிவிட்டாள். அந்த வீட்டுக்குப் போய்வருகிறவருக்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது.

பழமொழியும் இதற்கு ஒத்துப் போகிறது. சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவிக்கொள்வான் என்று ஆணைப் பற்றிச் சொல்கிறோம். முள் சேலையில் பட்டாலும் சேலை முள்ளில் பட்டாலும் சேலைக்குத்தான் சேதம் என்று பெண்ணிடம் சொல்கிறோம். என் அப்பத்தா இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். அன்பாகத்தான் சொன்னார், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் சேறு யார் என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

‘தேவடியாள்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கோயிலிலிருந்து. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘தேவரடியார்’ என்று வரும். தேவருக்கு அடியார், அதாவது இறைவனுக்குத் தொண்டு செய்கிறவர் என்று பொருள். மரியாதைக்குரிய பெயர் அது. விளக்கெரிக்கவும் பூசைக்கும் அந்தப் பெண்கள் தங்கள் பணத்தையும் நிலத்தையும் கொடையாகக் கொடுத்த செய்திகள் கல்லில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்களை, அதாவது கோயில் பணிக்கான பெண்களை, குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வருடத்துக்கு 100 கலம் நெல். யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்று பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கல்லில் பெயரோடு இருந்த பெண்களின் பட்டம்தான் இன்றைக்கு சிக்னல் சண்டையில் வாயில் வருகிறது.

நடுவில் நடந்தது சின்னக் கதை இல்லை. அரசர்கள் போனார்கள், கோயில் மானியம் சுருங்கியது, ஜமீன்தார்களும் பணக்காரர்களும் ‘ஆதரிக்க’ வந்தார்கள். பொட்டுக் கட்டுதல், அதாவது கோயிலுக்கு நேர்ந்துவிடுதல், என்ற பெயரில் சின்னப் பெண்கள் அந்த ஆதரவுக்குள் தள்ளப்பட்டார்கள். அந்தக் கொடுமையை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடினார்கள். இரண்டு பேருக்குமே அந்தச் சமூகத்தோடு குடும்ப உறவு உண்டு. உள்ளிருந்து பார்த்த வலியோடு பேசியவர்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக் கட்டுதலைத் தடை செய்தது. வழக்கம் ஒழிந்தது நல்லது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அனுபவித்த ஆண்களுக்கு ஒரு பழிச்சொல்லும் மிஞ்சவில்லை, அந்தப் பெண்களின் பெயர் மட்டும் வசவாக மிஞ்சியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே மதுரையில் 1916இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அந்தச் சமூகத்தின் இசை மரபில் வந்தவர். எம் என்பது மதுரை, எஸ் என்பது அம்மா சண்முகவடிவு, வீணைக் கலைஞர். தாயின் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொண்ட குடும்பங்கள் அவை. காலையில் அவர் குரலில் சுப்ரபாதம் கேட்டுவிட்டு வாசலில் இறங்கியதும் அந்த வசவைச் சொல்கிறவர்களிடம் இதை நான் எடுத்துச் சொல்வதுண்டு.

மற்ற சொற்கள்?

சுருக்கமாகச் சொல்கிறேன். ‘கூத்தியாள்’ கூத்திலிருந்து வந்தது, ஆடுகிற பெண். ‘தாசி’ என்றால் பணிப்பெண். ‘விபசாரம்’ வடமொழியில் வழி தவறிப் போவது. ஆடியவள், பணி செய்தவள், வழி மாறியவள் என்று தொழிலையும் நடையையும் சொன்ன சொற்கள்தான் எல்லாம் இப்படி ஆகியிருக்கின்றன. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணமாக இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். சொல் தானாகக் கெடாது, அதை யார்மேல் எறிகிறோம் என்பதில்தான் கெடுகிறது.

அப்படியானால் எந்தச் சொல்லைச் சொல்வது? ‘பாலியல் தொழிலாளி’ சரியா?

பொதுவாக எழுதும்போது நான் ‘பாலியல் தொழிலில் இருக்கும் பெண்’ என்றோ ‘பாலியல் தொழிலாளி’ என்றோ எழுதுகிறேன். மதுரையில் அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசும்போது ‘தொழில்’ என்பார்கள், அவ்வளவுதான். “தொழிலுக்குப் போயிட்டு வர்றேன்”, “இப்பத் தொழில் பண்றதில்ல”. வருகிறவர் ‘கஸ்டமர்’. வேறு எந்த வேலையைச் சொல்வதைப் போலவும் சொல்கிறார்கள்.

ஆனால் இதில் நேர்மையான கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. பெண்களைப் பற்றித் தீர்ப்புகளில் எழுதக்கூடாத சொற்கள், அவற்றுக்குப் பதிலாக எழுதவேண்டிய சொற்கள் என்று ஒரு பட்டியலே அதில் இருக்கிறது. விபசாரி என்பதற்குப் பதிலாகப் பாலியல் தொழிலாளி என்று முதலில் போட்டார்கள். ஆள் கடத்தலுக்கு எதிராக வேலை செய்கிறவர்கள், “கடத்திக்கொண்டு வந்து அடைத்து வைக்கப்பட்ட பெண்ணையும் தொழிலாளி என்பீர்களா?” என்று கேட்டார்கள். அதன் பிறகு கடத்தலுக்கு ஆளானவர், கட்டாயப்படுத்தப்பட்டவர் என்றெல்லாம் பிரித்துச் சொல்லும்படி திருத்தப்பட்டது.

என் நிலை இது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணைத் தொழிலாளி என்று சொல்லவே கூடாது. அது குழந்தை மீதான வன்முறை. கடத்தப்பட்டவரையும் அப்படிச் சொல்லக் கூடாது. வயது வந்த பெண், தானாக, வறுமையின் காரணமாகவோ வேறு எதன் காரணமாகவோ இதைச் செய்கிறார் என்றால், அவரே சொல்லும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எய்ட்ஸ் தடுப்புத் திட்டப் பதிவேடுகளில் ‘எஃப்.எஸ்.டபிள்யூ’ (பெண் பாலியல் தொழிலாளி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதி எழுதி எங்கள் வாயிலும் அதுவே வரத் தொடங்கியது. “அந்த எஃப்.எஸ்.டபிள்யூ வந்தாங்களா?” என்று நான் கேட்டதை ஓர் அக்கா காதில் வாங்கிவிட்டு, “எனக்குப் பேரு இல்லையா தாயி?” என்றார். அன்றோடு விட்டேன்.

பத்திரிகையில் வருவதைத்தானே நாங்களும் சொல்கிறோம்?

அது உண்மை. பத்திரிகை மொழி மாறாமல் டீக்கடை மொழி மாறாது. மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

‘விபசார அழகி கைது’ அல்லது ‘அழகிகள் மீட்பு’. நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோய். அவர் எப்படி அழகி ஆனார்? படிக்கிறவனுக்கு ஒரு கிளுகிளுப்பு வேண்டும், அதற்காக ஆனார். பக்கத்திலேயே முகத்தைச் சேலையால் மூடிய படம் வரும். அந்தச் சேலையை வைத்தே தெருவில் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வீட்டுக்கு வந்த ஆண்களின் படம் வருவதில்லை.

‘கள்ளக்காதல்’. ஒரு பெண் கொலையானால்கூடத் தலைப்பில் இந்தச் சொல் வந்துவிடுகிறது. அது வந்ததும் படிக்கிறவர் மனதில் பாதிக் கொலை நியாயமாகிவிடுகிறது. திருமணத்துக்கு வெளியே உறவு வைப்பதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவையே உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அது விவாகரத்துக்குக் காரணமாகலாம், வருத்தமாகலாம், துரோகமாகலாம். சட்டப்படி அது குற்றம் இல்லை. கொலைதான் குற்றம்.

‘கற்பழிப்பு’. இந்தச் சொல்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ஒருவன் ஒரு பெண்ணை அடித்து வன்முறை செய்கிறான். செய்தவனைப் பற்றி அந்தச் சொல் எதுவுமே சொல்லவில்லை. அவளிடம் இருந்த எதுவோ அழிந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறது. அழிந்தது திரும்பி வராது. அப்புறம் அந்தப் பெண் எதைக் கொண்டு வாழ்வது? பாலியல் வன்கொடுமை, பாலியல் வல்லுறவு என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். இதில் குற்றம், அதைச் செய்தவன் பக்கம் நிற்கிறது. ஏற்கெனவே பாலியல் தொழிலில் இருக்கும் பெண்ணுக்கு இது நடந்தால், பழைய சொல்லின்படி அழிய எதுவுமே இல்லை என்றாகிவிடும். காவல் நிலையத்தில் அதைத்தான் கேட்பார்கள்: “உனக்கென்னம்மா இதுல?”

பாலியல் தொழில் சட்டப்படி குற்றம்தானே? போலீஸ் வைதால் என்ன தப்பு?

பேப்பரில் ‘விபசாரத் தடுப்புச் சட்டம்’ என்று வருவது 1956ஆம் ஆண்டுச் சட்டம். வயது வந்த ஒரு பெண் பணம் வாங்கிக்கொண்டு உறவு கொள்வதை அது நேரடியாகக் குற்றம் என்று சொல்லவில்லை. விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, பெண்ணின் வருமானத்தில் வாழ்வது, அடைத்து வைப்பது, பொது இடத்தில் நின்று அழைப்பது ஆகியவையே குற்றம். கோயில், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு 200 மீட்டருக்குள் செய்வதும் குற்றம். மதுரையில் 200 மீட்டருக்குள் ஒரு கோயிலாவது இல்லாத தெரு எங்கே இருக்கிறது? அதனால் நடைமுறையில் பெண்தான் பிடிபடுகிறார்.

வைவதற்கு எந்தச் சட்டத்திலும் அனுமதி இல்லை. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பாலியல் தொழிலில் இருப்பவர்களைப் போலீஸ் கண்ணியமாக நடத்த வேண்டும், சொல்லாலும் கையாலும் துன்புறுத்தக் கூடாது. ரெய்டு செய்திகளில் அடையாளமோ படமோ வெளிவரக் கூடாது. பையில் ஆணுறை இருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது. ஆதார் அட்டை பெறவும் அவர்களுக்கு வழி செய்யச் சொன்னது. கொல்கத்தாவில் 1999இல் கொலை செய்யப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கிலிருந்து வளர்ந்து வந்த உத்தரவு இது.

நாங்கள் குடும்பப் பெண்கள். இது எங்களை எப்படித் தொடும்?

தினமும் தொடுகிறது, அம்மா. நைட் டியூட்டி முடித்து வரும் நர்ஸைப் பற்றி, ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி, புருஷனை விட்டு வந்தவளைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். மதுரையில் மல்லிகை வைக்காத தலை உண்டா? ஆனால் இருட்டிய பிறகு பஸ் ஸ்டாண்டில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக நின்றால் அந்தப் பூவே சந்தேகமாகிவிடுகிறது. ராத்திரி பஸ்ஸுக்குப் போகும்போது பூவைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வதாகக் கல்லூரிப் பெண்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரும் அவர்களை அந்தச் சொல்லால் வையவில்லை. சொல் அங்கே இருக்கிறது என்று தெரிவதே போதுமானதாக இருக்கிறது.

2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு, பாதுகாப்பு பற்றி நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில் கருத்துச் சொன்னபோது துடைப்பமும் செருப்புமாக ஊர்வலம் போனார்கள். தமிழ்நாடு முழுக்க இருபதுக்கு மேல் வழக்கு போட்டார்கள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. சொன்ன கருத்தோடு நீங்கள் மாறுபடலாம். அதற்குச் செருப்பைத் தூக்க வேண்டியிருந்தது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

‘வாழாவெட்டி’, ‘மலடி’, ‘அறுதலி’ இவையும் இதில் சேருமா?

சேரும். ஆண் துணையோடு பெண் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதற்குப் போடும் முத்திரைகள் இவை.

எய்ட்ஸ் அவர்களால்தானே பரவியது?

இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம். அவர்களைச் சோதித்ததால் அவர்களிடம் தெரிந்தது. கொண்டுவந்து கொடுத்த ஆண்களை அன்று யாரும் வரிசையில் நிறுத்திச் சோதிக்கவில்லை. பின்னால் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவரெல்லாம் விளம்பரம் வந்தது நினைவிருக்கும். அதில் பல குறை சொல்லலாம். ஆனால் கேள்வியை ஆணிடம் திருப்பியது அது. எங்கள் பெண்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மரியாதையாகப் பேசினால் இந்தத் தொழிலை வளர்த்துவிட்டதாக ஆகாதா?

வசவு இந்த ஊரில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. அதனால் ஒரு பெண் தொழிலை விட்டாள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் இட்லிக்கடை போட்டார், ஒருவர் தையல் மெஷின் வாங்கினார். விட்டதும் அவர்களைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தது இதே சொல்தான். இட்லிக்கடைக்காரரிடம், “இங்க இட்லி மட்டுந்தானா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தவர்கள் உண்டு. நாலு மாதத்தில் கடையை மூடினார்.

கோபத்தில் வாயில் வந்துவிடுகிறது. என்ன செய்ய? என் மகனும் பழகிவிட்டான்.

மதுரைக்காரர்களுக்கு வைவது பேச்சில் ஊறியது, எனக்கும் தெரியும். வையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரை வைகிறீர்களோ அவரையே, அவர் செய்ததற்காக வையுங்கள். “அறிவு கெட்டவனே, பாத்து ஓட்டத் தெரியாதா” என்பது சுருக்கென்று படும். அவன் அம்மாவை விட்டுவிடலாம். மகனிடம் அடிக்காமல் அர்த்தத்தைக் கேளுங்கள். எட்டாவது படிக்கும் ஒரு பையனிடம் நான் கேட்டேன், “அந்த வார்த்தைக்கு என்னப்பா அர்த்தம்?” அவனுக்குத் தெரியவில்லை. சொன்னேன். “எங்க அம்மாவையும் இப்படிச் சொல்லுவாங்களாக்கா?” என்றான். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னை ஒருவர் இப்படி வைகிறார் அல்லது போனில் பரப்புகிறார். என்ன வழி?

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு, சொல்லாலோ சைகையாலோ பெண்ணின் மாண்பைப் புண்படுத்துவதற்கானது. மூன்று ஆண்டு வரை சிறை. பொது இடத்தில் ஆபாசமாக வைவதற்கு 296ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமும் இருக்கிறது. போனில் வந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். உடனடி உதவிக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. நீங்கள் பாலியல் தொழிலில் இருப்பவர் என்றாலும் இவை எல்லாம் அப்படியே பொருந்தும். புகார் வாங்க மறுத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள்.

அந்தப் பெண்களை நேரில் பார்த்தால் என்னவென்று கூப்பிடுவது?

வயதில் மூத்தவர் என்றால் அக்கா. இளையவர் என்றால் பெயர் சொல்லி. பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள். முதல் தடவை பெரும்பாலும் வேறு பெயர்தான் சொல்வார்கள், அதையே வைத்துக் கூப்பிடுங்கள். சீட்டை எட்டாக மடித்துக்கொண்டு போனாரே அந்த அக்கா, தன் உண்மையான பெயரை என்னிடம் சொல்ல இரண்டு வருடம் ஆனது. யானைக்கல் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.